மெசியர் பட்டியலும் தத்துவக் கட்டளையும்

சார்ல்ஸ் மெசியரின் வான்பொருட் பட்டியல், வால்வெள்ளி தேடுகிறவர் எவற்றைக் கண்டு ஏமாறக் கூடாது என்று சொல்வதற்காகத் தொகுக்கப்பட்டது. மெசியர் (1730–1817) பாரிஸ் நகரின் குளூனி மாளிகை உச்சியிலிருந்து இரவுதோறும் வால்வெள்ளி தேடியவர். தொலைநோக்கியில் முதலில் அகப்படும் வால்வெள்ளிக்கு வால் இருப்பதில்லை. சூரியனுக்கு வெகு தொலைவில் இருக்கும்போது அது வெளிறிய ஒரு திட்டு மட்டுமே. அதே தோற்றமுள்ள வேறு திட்டுகளும் வானத்தில் உண்டு. அவை இடம் மாறுவதில்லை. ஹேலி முன்கூறிய வால்வெள்ளி திரும்பி வருமென்று ஐரோப்பா காத்திருந்த 1758ஆம் ஆண்டில், வேறொரு வால்வெள்ளியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த மெசியர், ஆகஸ்ட் 28 அன்று இடபத்தின் கொம்பருகே இத்தகைய திட்டு ஒன்றைக் கண்டார். அது நகரவில்லை. அதுவே பின்னர் அவருடைய பட்டியலின் முதலாம் எண், எம் 1, ஆயிற்று.

முதலாம் எண்ணுக்கு அவர் எழுதிய குறிப்பு நாலைந்து வரிதான். இடபத்தின் தென்கொம்புக்கு மேலே இருப்பது, உள்ளே விண்மீன் ஏதுமில்லை, வெண்ணிற ஒளி, மெழுகுதிரிச் சுடர்போல் நீண்ட வடிவம், 1758ஆம் ஆண்டு வால்வெள்ளியை நோக்கும்போது காணப்பட்டது. இவற்றோடு வானத்தில் அதன் இருப்பிடத்தைக் காட்டும் அளவுகளும், அவ்வளவுகளை எடுத்த திகதியும். வேறொன்றும் இல்லை. அது என்ன பொருள், எவ்வளவு தூரம், எதனால் ஒளிர்கிறது என்ற கேள்விகளுக்குள் அவர் போகவில்லை. போகவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அது வால்வெள்ளி அல்ல. அவருக்கு அவ்வளவு போதும்.

45 பொருள்கள் கொண்ட முதற்பட்டியலை 1771இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்துக்கு அளித்தார். அது 1774இல் அச்சேறியது. தொகை 1780இல் 68 ஆகவும், பியர் மெஷான் என்பவரின் துணையோடு 1781இல் 103 ஆகவும் வளர்ந்தது. மெசியரும் மெஷானும் கண்டும் பட்டியலில் ஏறாதுபோன சிலவற்றைப் பிற்கால ஆய்வாளர் சேர்த்ததால் இன்று அது 110.

முதற்பட்டியலின் கடைசி நான்கு எண்களும் தமிழருக்குப் புதியவை அல்ல. 1769 மார்ச் 4ஆம் திகதி ஒரே இரவில் அவற்றின் இடங்களை மெசியர் அளந்து குறித்தார். எம் 42, எம் 43 இரண்டும் மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் ஓரியன் கூட்டத்தில், நடுவிலுள்ள மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே உள்ள ஒண்முகில்கள். எம் 44 பூசத்தை ஒட்டிய கொத்து. எம் 45 கார்த்திகையேதான். கார்த்திகையை யாரும் வால்வெள்ளி என்று மயங்கப்போவதில்லை. ஆகையால் இந்நான்கும் ஏன் சேர்க்கப்பட்டன என்பது வரலாற்றாசிரியரிடையே கேள்வியாகவே இருந்துவருகிறது. தென்வானத்துக்கென வானியலாளர் லக்காய் 1755இல் வெளியிட்ட பட்டியலில் 42 பொருள்கள் இருந்தன. அத்தொகையைக் கடக்க மெசியர் விரும்பியிருக்கலாம் என்பது பலரும் சொல்லும் ஊகம்.

எப்படியாயினும் கார்த்திகை இதற்குள் பல பட்டியல்களில் இடம்பெற்றுவிட்டது. சந்திரன் தங்கிச் செல்லும் 27 நட்சத்திரங்களின் வரிசையில் அது மூன்றாவது. முருகனுக்குப் பாலூட்டிய தாயர் அறுவர் என்பது புராணக் கணக்கு. பாரிஸ் வானியலாளருக்கு 45ஆவது திட்டு. இன்றைய வானியலுக்கு ஏறத்தாழ 440 ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகப் பிறந்த இளம் விண்மீன்களின் திறந்த கொத்து. ஒவ்வொரு பட்டியலும் தன் தேவைக்கு ஏற்ப அதை எண்ணிக்கொண்டது. பொருள் ஒன்று, எண்ணுகிற நோக்கம் வேறு.

ஒதுக்கிவைக்கப்பட்ட திட்டுகளின் கதை மெசியரோடு முடியவில்லை. வில்லியம் ஹேர்ஷல் அவற்றையே தேடுபொருளாக்கி 1786 முதல் 1802 வரை மூன்று தவணைகளில் 2,500 பொருள்களைப் பட்டியலிட்டார். அவர் மகன் ஜோன் ஹேர்ஷல் 1864இல் அதை 5,079 ஆக்கினார். டிரையர் 1888இல் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலில் 7,840 இருந்தன.     

1864இல் வில்லியம் ஹகின்ஸ் நிறமாலை கொண்டு சோதித்தபோது, ஒண்முகில்களிற் சில உண்மையிலேயே ஒளிரும் வாயு என்று தெரிந்தது. 1920களில் எட்வின் ஹபிள் ஆந்திரோமேடாத் திட்டை, எம் 31ஐ, நம் பால்வெளிக்கு வெளியே நிற்கும் தனிப் பேரடை என்று நிறுவினார். மெசியரின் பட்டியலில் ஏறத்தாழ 40 எண்கள் இப்படிப்பட்ட விண்மீன் பேரடைகள். எம் 1 என்பதோ 1054ஆம் ஆண்டில் மக்கள் கண்ணாரக் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம். மெசியர் தேடிப்பிடித்த வால்வெள்ளிகளை இன்று நினைவில் வைத்திருப்பவர் அரிது. அவர் ஒதுக்கிய திட்டுகளோ அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

இங்கே ஒரு மெய்யியற் கேள்வி எழுகிறது. இது அல்ல, இது அல்ல என்று எண்ணிக்கொண்டு போவது அறிவாகுமா? ஆகுமென்றால், அப்படி ஒதுக்கப்பட்டவற்றின் நிலை என்ன? இந்தக் கேள்வியை ஆராய யாழ்ப்பாணத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. வானியற் கணக்கும் தத்துவங்களின் எண்ணிக்கையும் ஒரே மனிதரின் மேசையில் அங்கேதான் சந்தித்தன.

அமெரிக்க இலங்கை மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றைத் தொடங்கியது. முதல் அதிபர் டானியல் பூவர். பாடத்திட்டத்தில் வானியலுக்குச் சிறப்பிடம் இருந்தது. புராணங்கள் கூறும் மேருவும் ஏழு கடலும் பிழையென்று காட்டிவிட்டால் அவற்றின்மேல் நிற்கும் சமயமும் சரிந்துவிடும் என்பது மிஷனரிமாரின் எதிர்பார்ப்பு. 1829 மார்ச் 20ஆம் திகதி நிகழவிருந்த சந்திரகிரகணத்தை ஒட்டி இந்த எதிர்பார்ப்பு பகிரங்கச் சோதனைக்கு வந்தது. பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரி குறித்த அளவுகளுக்கும் ஐரோப்பிய முறைக் கணக்குக்கும் வேறுபாடு இருப்பதைப் பூவர் முன்கூட்டியே எடுத்துக்காட்டினார். கிரகணம் தம் கணக்கின்படியே நிகழ்ந்தது என்று மிஷன் தரப்புக் குறிப்புகள் மகிழ்ச்சியோடு சொல்கின்றன.

பூவரின் கணக்குச் சரி. அதிலிருந்து அவர் தரப்பு எடுத்த முடிவு சரியல்ல. சாஸ்திரி கிரகணத்தைப் புராணம் பார்த்துக் குறிக்கவில்லை. தலைமுறைகளாக மனப்பாடமாக வந்த வாக்கியங்களைக் கொண்டு எண்ணிக் குறித்தார். அம்மரபின் திறம் எத்தகையது என்பதற்கு நான்கு ஆண்டு முந்திய சான்று ஒன்று உண்டு. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், ஜோன் வாரன் என்ற அதிகாரியின் முன்னிலையில், ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் தரையில் சோழிகளைப் பரப்பியே ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே பிசகு. பழைய அட்டவணை நாட்படப் பிசகும், திருத்தவேண்டியது அட்டவணையை. ஓர் அட்டவணையின் பிசகு ஒரு சமயத்தின் பிசகு ஆகாது. எதிர்த்திசையிலும் இது உண்மை. நிமிடம் தவறாமல் வானத்தை அளந்த மெசியரே, 1769இல் தாம் கண்ட பெரிய வால்வெள்ளி நெப்போலியன் பிறப்பின் அறிகுறி என்று 1808இல் ஒரு சிறுநூல் எழுதி வெளியிட்டார். துல்லியமான வானியல் நம்பிக்கைகளைத் தானாக அகற்றிவிடும் என்ற எண்ணத்துக்குப் பட்டியலின் ஆசிரியரே மறுப்பு.

வட்டுக்கோட்டையில் இதை உள்ளூர உணரத் தொடங்கியவர், பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹென்றி ஹொய்சிங்டன் என்று கொள்ள இடமுண்டு. 1833இல் யாழ்ப்பாணம் வந்த இவர், இந்து வானியலைப் பழிப்பதோடு நின்றுவிடாமல் அதைக் கற்றார். கிரகணம் முதலியவற்றைக் கணிக்கும் முறையைத் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கக் குறிப்புகளுமாக 1848இல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் நூலாக்கினார். நாடு திரும்பியபின் சைவ சித்தாந்த நூல்கள் மூன்றை ஆங்கிலமாக்கினார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழக இதழின் நான்காம் தொகுதியில் வெளியாயின: சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை. முதல் இரண்டும் மெய்கண்ட சாத்திரங்கள். மூன்றாவது, பெருநூல்களைத் தொடுமுன் மாணவர் மனனம் செய்யும் எண்ணிக்கை நூல்.

தத்துவக் கட்டளை என்ற வகையைச் சேர்ந்த நூல்கள் தத்துவங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5, ஆக 36. அவற்றின் விரிவுகளான தாத்துவிகம் 60ஐயும் கூட்டினால் 96. நிலம், நீர், தீ, வளி, வான் என்ற ஐந்தில் எண்ணிக்கை தொடங்கும். நிலத்துக்கு நாற்கோணம், நீருக்குப் பிறை, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், ஆகாயத்துக்கு வட்டம் என வடிவங்களும், அவற்றுக்குரிய நிறங்களும் எழுத்துகளும் சொல்லப்படும். பின் சுவை, ஒளி முதலிய தன்மாத்திரைகள். செவி, கண் முதலிய பொறிகள். வாக்கு முதலிய தொழிற் கருவிகள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம். அதற்குமேல் காலம், நியதி, கலை என ஏறி நாதத்தில் முடியும். காலமும் ஆகாயமும் இதில் வெறும் இரண்டு எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வானியலாளர் அளக்கும் முழு வெளியும், அளக்கும் நேரமும், தொலைநோக்கியில் பதியும் அவர் கண்ணும் இந்த 36க்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த எண்ணிக்கை எதற்காக? சித்தாந்தம் கூறும் தசகாரியம் என்ற பத்துப் படிகளில் முதல் மூன்றும் விடை தருகின்றன. தத்துவங்களின் இயல்பை அறிவது தத்துவரூபம். அவை சடம், தாமாக அறியமாட்டா என்று காண்பது தத்துவதரிசனம். அவை தான் அல்ல என்று கண்டு நீங்குவது தத்துவசுத்தி. ஆக, பட்டியல் முழுவதும் ஒதுக்குவதற்காகவே எண்ணப்படுகிறது. அதில் உள்ள ஒவ்வொன்றும் ஆன்மா என்று எவரோ ஒருவரால் மயங்கி எண்ணப்பட்டது. உடலே ஆன்மா என்றார் உலோகாயதர். பொறிகளே என்றனர் சிலர். பிராணன் என்றனர் சிலர். அந்தக்கரணம் என்றனர் வேறு சிலர். சிவஞானபோதத்தின் மூன்றாம் நான்காம் சூத்திரங்கள் இவற்றை ஒவ்வொன்றாக மறுத்துச் செல்கின்றன. மெசியரின் பட்டியலும் தத்துவக் கட்டளையும் இந்த ஒரு செயலில் உறவாகின்றன: தேடுகிறவர் எந்த எந்த இடத்தில் ஏமாறுவார் என்பதை முன்கூட்டியே எண்ணிக் குறித்துவைப்பது. அளவுகோல் மட்டும் நேரெதிர். நகராததை மெசியர் ஒதுக்கினார். மாறுவதைச் சித்தாந்தி ஒதுக்குகிறார்.

எல்லாவற்றையும் அல்ல என்று தள்ளிவிட்டால் எஞ்சுவது சூனியம்தானே என்பது பழைய தடை. சிவஞானபோத ஆசிரியர் மெய்கண்டாரின் விடை கூர்மையானது. ஒவ்வொன்றையும் ஆராய்ந்து அல்ல என்று சொல்கிற அறிவு ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். அல்ல என்று சொல்வதே ஆன்மா உண்டு என்பதற்குச் சான்று. வானியலில் இதற்கு நேரான இடம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மெசியரின் 110 எண்களுக்குள் நோக்குகிற மெசியர் இல்லை. தத்துவக் கட்டளையோ நோக்கும் கண்ணையும் எண்ணும் மனத்தையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. இவ்வொப்புமையின் எல்லை இதுவே.

ஆனால் இன்னொரு புள்ளியில் ஒப்புமை ஆழமாகச் செல்கிறது. மெசியரின் பட்டியல் ஒரு வால்வெள்ளியையும் கொண்டுவரவில்லை. அது தவறான இடத்தில் நேரம் வீணாவதைத் தடுத்தது. வால்வெள்ளி அதன் வழியில், அதன் காலத்தில் வந்தது. தத்துவ எண்ணிக்கையைப் பற்றிச் சித்தாந்தம் சொல்வதும் இதுவே. தத்துவங்களின் வழியாக அறிவது பாசஞானம். அவற்றினின்று பிரிந்து நின்ற ஆன்மா தன்னையே பொருளென்று அறிவது பசுஞானம். இரண்டாலும் இறைவனாகிய பதியை அறிய முடியாது. பதிஞானம் திருவருளால் விளைவது. பட்டியலை ஒப்புவிக்கத் தெரிந்தவர் ஞானியாகிவிடுவதில்லை. அப்படியானால் மனனம் எதற்கு? அருள் தோன்றும்போது அதை மற்றொன்றாக மயங்காதிருப்பதற்கு. எதிர்மறை அறிவுக்கு இதைவிடப் பெரிய பயன் வேண்டியதில்லை.

இனி, ஒதுக்கப்பட்டவற்றின் நிலை. இங்கேதான் சித்தாந்தம் மாயாவாதத்திலிருந்து பிரிகிறது. நீங்கவேண்டியது என்பதால் உலகம் பொய் என்று ஆகிவிடாது. மாயை உள்பொருள். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குத் தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என்ற நான்கையும் இறைவன் மாயையிலிருந்து தருகிறான். விடியும்வரை உதவும் விளக்கு அது. விளக்கைச் சூரியன் என்று கொள்வது மயக்கம். விளக்கே இல்லையென்பதும் மயக்கம். ஆகவே புவனத்தை ஆராயும் வானியலுக்கும் சைவத்துக்கும் பகை இருக்கவேண்டிய அவசியமே இல்லை. எம் 31 பல்லாயிரங்கோடி விண்மீன்களின் பேரடை என்று தெரிந்தபின் சைவர் ஒருவர் இழப்பது ஒன்றுமில்லை. அவர் எண்ணிவைத்த ஆகாயம் இன்னும் பெரிதாகிறது. அது தாம் அல்ல என்ற முடிவு அப்படியே நிற்கிறது. மிஷனரிமாருக்குப் பழக்கமான இயற்கை இறையியலாரிடையேகூட இந்த அடக்கம் இருந்தது. இறைவன் உளன் என்று நிறுவுவதற்கு வானியல் சிறந்த வழியல்ல. நிறுவியபின் அவன் பெருமையைக் காட்டுவதற்கே அது ஏற்றது என்று வில்லியம் பேலி 1802லேயே எழுதினார்.

சைவர் தரப்பிலும் ஒரு பிழை நேர்ந்தது, இன்றும் நேர்கிறது. பஞ்சாங்கத்தைக் காப்பதே சைவத்தைக் காப்பது என்று நினைப்பது அது. பழைய வாக்கியங்களால் கணிக்கும் வாக்கியமா, இக்கால வானியல் அளவுகளால் திருத்திக் கணிக்கும் திருக்கணிதமா என்ற வழக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓயவில்லை. கொக்குவிலில் வெளியாகும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் வீடுகளில் தொங்குகிறது. திருக்கணிதத்தைப் பின்பற்றுவோரும் உள்ளனர். விரத நாள் வேறுபடும்போது ஊர் இரண்டுபடுகிறது. கோயில் ஒழுங்குக்கு ஒரே நாள் வேண்டும் என்பது நியாயமான கவலை. ஆனால் காலமே ஒரு தத்துவம், அதுவும் கடக்கப்படவேண்டியது என்று கற்பிக்கும் சமயத்தில், நாழிகை வேறுபாட்டைச் சித்தாந்த வேறுபாடாக்கக் கூடாது. கணக்கு எது சரி என்பதை, 1829இல் காட்டியதுபோல, கிரகணமே காட்டிவிடும். அதை ஏற்றுக்கொள்வதில் சைவத்துக்கு இழுக்கில்லை.

செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதன் வழியில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அக்கல்லூரியில் கற்பித்த காரைநகர் ஆலன் ஆபிரகாம் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகும் அளவுக்கு வானியலில் தேர்ந்தவர். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதைப் பற்றிய ஆய்வால் அறியப்பட்டவர். வட்டுக்கோட்டையில் விதைத்த வானியல் சமயம் எதையும் வீழ்த்தவில்லை. அது நல்ல வானியலாளரைத் தந்தது. அதுவே போதிய பலன்.

வானத்தை நோக்க விரும்புகிறவருக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் இருப்பிடம் பெரிய வாய்ப்பு. வட அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை 40 கலை; மலை இல்லாத தட்டை நிலம். மெசியரின் 110 பொருள்களும் இங்கிருந்து தெரியும். வடகோடியிலுள்ள எம் 82 அடிவானத்துக்கு மேலே 30 பாகையும், தென்கோடியிலுள்ள எம் 7 ஏறத்தாழ 45 பாகையும் உயரும். பாரிஸிலிருந்த மெசியர் காணவே முடியாத, லக்காயின் தென்வானப் பொருள்களும் இங்கே எழுகின்றன. அவற்றில் மிகத் தெற்கே உள்ள தூக்கானாக் கோளக் கொத்துகூடத் தென் அடிவானத்துக்கு மேலே 8 பாகை வரை வரும். கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் ஆகிய நாள்களில் முழுநிலவு அந்தந்த நட்சத்திரத்தின் அருகிலேயே நிற்பதால் மங்கிய பொருள்கள் மறைந்துவிடும். மாரி மழையும் இடையூறு. மழை ஓய்ந்தபின், மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில், எட்டு மணியளவில் முற்றத்தில் நின்றால் எம் 42 முதல் எம் 45 வரை நான்கும் ஒரே வேளையில் வானத்தில் இருக்கும். சாதாரண இருகண் தொலைநோக்கி ஒன்று போதும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தத்துவம் முப்பத்தாறையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.